சதுப்பு நிலம் முதலிடம் பெற்ற விவரம்

அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உமது அக்காளின் கணவன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீரும் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு மற்றதைக் கவனியும்.

போன வருஷம் எங்கள் பின்வாசலில் நின்று, "மச்சான், இது சதுப்பு நிலமா, கொசுப் பண்ணையா? வீட்டை வித்துட்டு எங்க மாடி ரூமுக்கு வந்துடுங்க" என்றீர் அல்லவா? அந்தக் கொசுப் பண்ணைதான் இன்று இந்த வட்டாரத்திலேயே முதலில் காப்பாற்ற வேண்டிய நிலம். இனி இந்த வீட்டிலிருந்து என்னை யாரும் அசைக்க முடியாது.

வெள்ளத்தையும் வெயிலையும் தாங்க எந்த நிலங்களை விட்டுவைப்பது என்று பதினாலு இடங்களை வரிசைப்படுத்த ஒரு குழு போட்டார்கள். வரைபடம் போட என்னைக் கூப்பிட்டார்கள். நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மயிரிழை மாதிரி கோடு போட்டவன். "கோடு தடிச்சா குடி கெடும்" என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். முதல் கூட்டத்தில் மலைக்காடு ஒன்றாவது, நம் சதுப்பு பதினாலாவது. கிடங்கு கட்ட நினைக்கும் முதலாளி லாரியில் மண்ணோடு வந்து நிற்காததுதான் பாக்கி. போன வெள்ளத்தில் பக்கத்துத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர், எங்கள் தெருவில் கணுக்கால். மிச்சத்தைக் குடித்தது யார்? டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சுவரில் வெள்ளக் கறையை அளந்தேன். ஒரு நாய் என் செருப்பில் ஒன்றை வைத்துக்கொண்டது. ஓர் அம்மாள், "கறையை அளக்க வந்தீங்களா, புது பெயிண்டைச் சுரண்ட வந்தீங்களா?" என்றாள். உமது அக்காவோ சமைத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்த பறவைகளை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள், அறுபத்துமூன்று வகை. பெயர் தெரியாததால் 'கோபக்காரி', 'வாலாட்டுவது', 'தம்பி மாதிரி நடப்பது' என்று இருக்கிறது.

இரண்டாம் கூட்டத்தில் வரைபடச் சுருளை விரித்தேன். உள்ளே குடியிருந்த தவளை ஒன்று பாய்ந்து, குழுத் தலைவர் அம்மாவின் பட்டியல்மேல் உட்கார்ந்தது. எல்லோரும் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் அசையவில்லை.

"உக்காருங்க. அது மனு கொடுக்க வந்திருக்கு. நீங்க சொல்லுங்க, வரைபடக்காரரே."

கறைக் கணக்கையும் பறவைக் கணக்கையும் வாசித்தேன். "அம்மா, மலையை யாரும் ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டுப் போக மாட்டாங்க. இதை மூட அம்பது லாரி மண்ணு போதும்" என்றேன். அவர் பதினாலை அடித்து ஒன்று என்று எழுதினார். "இப்பவே எல்லையைப் போடுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார். சந்தோஷத்தில் பென்சில் அகப்படவில்லை. மேஜைமேல் கிடந்த மார்க்கரால் ஒரே இழுப்பு. நான் போட்டதிலேயே அழகான கோடு அதுதான்.

உமக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். நீர் சொன்னதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
வென்ற மச்சான்

பி.கு.: இன்று எல்லைக்கல் நட வந்தார்கள். மார்க்கர் கோடு தாளில் இரண்டு மில்லிமீட்டர், தரையில் இருபது மீட்டர். நம் வீடு முழுக்கக் கோட்டுக்குள் அடக்கம். கோடு விழுந்த இடமும் சதுப்புதானாம், அதில் வீடு இருக்கக் கூடாதாம். திருத்தச் சொன்னால் கோப்பைத் திரும்பத் திறப்பார்களாம். முதலாளி அதற்குத்தான் காத்திருக்கிறார். 'கோடு சரி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆகவே அந்த மாடி ரூமைக் காலி செய்து வையும். உமது அக்கா நாட்காட்டியோடு வருகிறாள். அங்கே பறவை இல்லாவிட்டாலும் தம்பி நடப்பதைப் பார்த்துக்கொள்கிறாளாம்.