ஜிம்மி பெண் பார்க்கப் போன கதை

கதை எழுதுகிறவர்கள் தங்கள் கதையை வாசகர்களை நம்பவைக்கலாம், தப்பில்லை. தாங்களே நம்பிவிடக் கூடாது. நான் நம்பினேன். அதனால் ஒரு நல்ல பெண் கோவிலில் அத்தனை ஜனங்களுக்கு நடுவே கூனிக் குறுகி நின்றாள். இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிப் பழகிவிட்டேன் என்றாலும், எழுத உட்கார்ந்தால் இப்போதும் காது சூடாகிறது.

நயினார்கோவில் பக்கத்தில் மிளகாய் போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். வீட்டு வேலை, காட்டு வேலை போக மிச்ச நேரத்தில் கைபேசிச் செயலி ஒன்றில் வேறு பெயரில் தொடர்கதை எழுதுகிறேன். (என்ன பெயர் என்று கேட்காதீர்கள். அதில் ஒரு நிலா இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.) காதலும் மர்மமும் கலந்த கதைகள். எல்லாவற்றிலும் கதாநாயகன் பட்டாளத்திலிருந்து திரும்பியவன். கடலோரத்தில் தனியாகக் குடியிருப்பான். தாடையில் ஒரு தழும்பும் மனதில் ஒரு சோகமும் கட்டாயம் இருக்கும். கடத்தல்காரர்களிடமிருந்து தப்பி ஒரு பெண் வந்து சேருவாள். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே திரிவார்கள். அவர்களைச் சேர்த்துவைப்பது அவனுடைய நாய். அவளுடைய துப்பட்டாவைக் கவ்விக்கொண்டு வந்து அவன் காலடியில் போடும், வில்லன் அவளை அடைத்துவைத்த ஐஸ் கம்பெனிக்கு வழி காட்டும், கடைசி அத்தியாயத்தில் மோதிரம்கூடக் கொண்டுவரும். ‘கல்யாணமாகாத என் தங்கச்சிக்கு இந்த நாயைக் கொஞ்சம் அனுப்பி வைங்க சிஸ்டர்’ என்று வாசகிகள் எழுதுவார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கதாநாயகனுக்கு அசல், என் வீட்டுக்காரரின் தம்பி பாண்டி. பட்டாளத்தில் லாரிகளுக்கு ரிப்பேர் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். தாடையில் தழும்பு உண்டு. (சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்தது.) சோகமும் உண்டு, ஆனால் அது ஊருக்கே தெரிந்த சோகம். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவருக்கு வயது முப்பத்தேழு ஆகிவிட்டது. பெண் கிடைக்கவில்லை. நாய்க்கு அசல், எங்கள் வீட்டு ஜிம்மி. டிராக்டருக்கு அடியில் படுத்துத் தூங்கும். பூனை வந்தால் எழுந்து இடம் கொடுக்கும்.

அப்படியிருக்கையில்தான் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் கவிதா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா இல்லை. அவளுக்கும் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து பஜ்ஜி, காப்பி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, “சொல்லி அனுப்புறோம்” என்று போய், சொல்லி அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். அதனால் அவளுடைய அம்மா போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

“வீட்டுக்கு யாரும் வர வேணாம்த்தா. கோவில்ல வச்சுப் பாத்துக்கிருவோம். இது பொண்ணு பாக்குறதுன்னு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. எம்புள்ள இனிமே தாங்க மாட்டா.”

எங்கள் பக்கம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்த மாதிரி ஒரு கோவிலுக்கு வருவார்கள். ஒருவரையொருவர் தெரியாத மாதிரியே பிராகாரம் சுற்றுவார்கள். பிடித்திருந்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்கவில்லை என்றால் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். பெண்ணை யாரும் வேண்டாம் என்று சொன்னதாகவே ஆகாது. அந்த மரியாதைக்காகத்தான் இத்தனை நாடகம். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

என் கவலை பாண்டியைப் பற்றி. பெண்கள் முன்னால் நின்றால் அவர் அதிகாரி முன்னால் நிற்பது போல விறைத்துவிடுவார். போன இடத்திலெல்லாம் “வணக்கம்” என்று ஒரு சொல்லோடு சரி. இந்த வரனும் கைநழுவினால் அப்புறம் ஒன்றுமில்லை என்று வீட்டில் எல்லாரும் பயந்துகிடந்தோம். யாராவது பேச்சை ஆரம்பித்து வைத்தால் போதும் என்று நினைத்தேன். என் கதைகளில் அதை யார் செய்கிறார்கள் என்றும் நினைத்தேன்.

ஜிம்மிக்குப் பயிற்சி தொடங்கியது. ஒரு மஞ்சள் பையில் பெரியபட்டினத்து நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டிப் போட்டு, அதைக் கொல்லையில் எங்காவது வைத்துவிட்டு, ஜிம்மியை அவிழ்த்துவிடுவேன். அது நேராகப் பைக்குப் போகும். ஒரு நெத்திலி பரிசு. நாலைந்து நாளில் அதற்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. என் வீட்டுக்காரர்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“கருவாட்டுக் குழம்புங்கிற, கருவாட்டை எங்கனத்தா காணோம்?”

“எல்லாம் கரைஞ்சு போச்சு,” என்றேன்.

திட்டம் எளிது. நான் முன்னால் போய், யாரோ போலப் பெண்ணின் கையில் பையைக் கொடுப்பேன். வேனிலிருந்து ஜிம்மியை அவிழ்த்துவிடுவேன். அது மணலில் ஓடிப்போய் அவள் காலடியில் உட்காரும். நாயைப் பிடிக்கப் பாண்டி வருவார். “மன்னிச்சிருங்க, என் நாய்தான்” என்பார். அவள் சிரிப்பாள். என் கதையில் இந்த இடத்தில் ‘தொடரும்’ போடுவேன்.

சேதுக்கரைப் பக்கம் கடலை ஒட்டிய ஒரு சின்னப் பெருமாள் கோவில். வேனில் நாயைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். “அதுவும் கடலைப் பாக்கட்டுமே,” என்று வாயை அடைத்தேன். ஜிம்மியின் கழுத்தில் மல்லிகைச் சரம் வேறு சுற்றியிருந்தேன். (கேட்காதீர்கள்.)

கவிதாவைப் போட்டோவில் பார்த்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. பச்சைச் சேலையில், கோவிலுக்கு வெளியே மணலில் அம்மாவோடு நின்றிருந்தாள். அவர்கள் பாண்டியின் போட்டோவைத்தான் பார்த்திருந்தார்கள், என்னை அல்ல.

“கொஞ்சம் இதைப் பிடிங்கம்மா, செருப்பை விட்டுட்டு வாரேன்,” என்று பையை நீட்டினேன்.

“சரிக்கா, மெதுவா வாங்க,” என்று வாங்கிக்கொண்டாள். கருவாட்டு வாடை கடற்கரையில் யாருக்குத் தெரியும்?

நான் வேனுக்குப் போய்ச் சேர்வதற்குள் கோவிலில் மணி அடித்தது. “நடை சாத்தப் போறாக, சீக்கிரம் வாடி,” என்று அவள் அம்மா இழுக்க, கவிதா என்னைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறொருத்தியாக இருந்தால் பையை மணலில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். இவள் அடுத்தவர் பொருளாயிற்றே என்று கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் கதாநாயகிகள் நான் நிறுத்திய இடத்தில் நிற்பார்கள். இவள் நிற்பதற்கு அப்படி என்ன தேவை? அது எனக்கு உறைக்கும்போது, நான் ஏற்கெனவே வேன் கதவைத் திறந்திருந்தேன்.

ஜிம்மி தன் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. மணலைத் தாண்டி, வாசல்படியைத் தாண்டி, பெருமாள் சன்னிதிக்குள்ளேயே போய்விட்டது. நான் செருப்பை உதறிவிட்டுப் பின்னால் ஓடினேன். நான் மண்டபத்தில் கால் வைக்கும்போது பை கிழிந்து, பொட்டலம் அவிழ்ந்து, கருங்கல் தரை முழுக்க நெத்திலி சிதறிக் கிடந்தது. ஒன்றிரண்டு தீபாராதனைத் தட்டு வரைக்கும் போயிருந்தன. ஜிம்மி நடுவில் நின்று நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, கழுத்தில் மல்லிகையோடு.

“யாரும்மா நீ? பெருமாள் கோவிலுக்குக் கருவாட்டைக் கட்டிண்டு வருவாளா யாராவது?” என்றார் பட்டர்.

“என் பை இல்லைங்க. ஒரு அக்கா பிடிக்கச் சொல்லிட்டுப் போனாங்க,” என்றாள் கவிதா.

“எந்த அக்கா?”

அவள் திரும்பித் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். எப்போது அங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. கால் தானாகப் போய்விட்டது.

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாளுக,” என்றது ஒரு கிழவி. “படிச்ச புள்ள மாதிரி இருக்கா,” என்றது இன்னொரு குரல். அவள் அம்மாவின் கண் மட்டும் வாசலையே பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்களா, பார்த்துவிட்டார்களா என்றுதான். யாருக்கும் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்ட அந்த அம்மாவின் மகளைக் கோவில் மொத்தமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு அடி முன்னால் வைத்து ‘நான்தான்’ என்று சொன்னால் போதும். தொடர்கதையில் பக்கம் பக்கமாக வீரம் எழுதுகிறவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

நாயைத் தேடிக்கொண்டு பாண்டி உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார், கவிதாவின் முகத்தைப் பார்த்தார்.

“அது என் பைங்க. நாயும் என்னதுதான்,” என்றார் பட்டரிடம். “அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க.”

திட்டினார்கள். வண்டி வண்டியாகத் திட்டினார்கள். பாண்டி தோளில் கிடந்த துண்டை விரித்து, குனிந்து ஒவ்வொரு நெத்திலியாகப் பொறுக்கிப் போட்டார். சற்று நேரத்தில் கவிதாவும் சேலையைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். அவர் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து வந்து ஊற்ற, அவள் விளக்குமாற்றால் கழுவித் தள்ளினாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

அம்மாவும் மகளும் கிளம்பிப் போன அப்புறம்தான் நான் வெளியே வந்தேன். வந்து என்ன சொன்னேன் தெரியுமா? “அய்யய்யோ, என்னாச்சு தம்பி?” என்று கேட்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது பாண்டி மெதுவாகச் சொன்னார்.

“மதினி, அது நம்ம வீட்டுப் பைதான. பரவால்ல விடுங்க. கேட்டா என்னதுன்னே இருக்கட்டும்.”

நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர்களுக்குச் சம்மதம். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆம்பளையைத் தான் பார்த்ததே இல்லை என்றாராம் அந்த அம்மா. வீடே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் குலதெய்வத்துக்கு ரகசியமாக முடி காணிக்கை நேர்ந்துகொண்டேன்.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட இருக்காது. அடுப்படியில் கவிதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“கவிதா, அன்னைக்கிக் கோவில்ல அந்தப் பையைக் குடுத்தது…”

“நீங்கதான்க்கா. தெரியும்.”

“வீட்டுக்கு வந்தப்புறம் அடையாளம் தெரிஞ்சிருச்சா?”

“இல்லக்கா. தூணுக்குப் பின்னாடி நின்னீங்கள்ல, அப்பவே பாத்தேன்.”

“பின்ன ஏன் கையைக் காட்டலை? அம்புட்டுப் பேரும் உன்னைப் பேசுனாகளே.”

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நீங்களா வருவீங்கன்னு நெனச்சேன்க்கா,” என்றாள். குரலில் துளிக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் எழுந்து வந்து, கீரை வாசனையோடு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நானே எல்லாரிடமும் ஒப்புக்கொண்டேன். அதோடு என் மானம் போயிற்று, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேடிக்கை வந்து சேர்ந்தது. குரூப் போட்டோவுக்கு நான் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் போதும், “அங்கன ஏதாச்சும் தூண் இருக்கான்னு பாருங்கப்பா,” என்று என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். மிளகாய் மூட்டை ஏற்ற வருகிறவர்களுக்குக்கூட இந்தக் கதை தெரியும். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

போன வருஷம் பாண்டி, கவிதா மகளுக்குக் காதுகுத்து. ஊர் மண்டபத்தில் வைத்தோம். “பெரியம்மாவைக் கூட்டிட்டு வா” என்று யாரோ குழந்தையை அனுப்பியிருக்கிறார்கள். காதுகுத்து முடிந்து கண்ணீர் காயாத முகத்தோடு, பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் போய் எட்டிப் பார்த்து, “பெரியம்மா, பெரியம்மா” என்று தேடியது. மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.