பொண்ணு பார்க்க வந்த பூச்சி

நேத்து சாயந்தரம் அம்மா எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தங்கச்சியைப் பொண்ணு பார்க்க சாத்தூர்லருந்து வாராக. வாசல்ல பல்பு போயிருச்சு, மாத்தணும்.

ஊர்ல எல்லாரும் மாட்டுற பல்பை மாட்டியிருக்கலாம். நான் அச்சாபீஸ்ல பட்டாசு லேபிள் டிசைன் பண்றவனாச்சே. அங்கன கலர் பார்க்க வச்சிருக்கிற பளீர் வெள்ளை லைட்டைக் கொண்டாந்து மாட்டினேன்.

மத்தியானம் நல்ல மழை. எதிர்த்தாப்புல கடலைக்காடு. லைட்டைப் போட்டதும், காட்டுல உள்ள பூச்சி அம்புட்டும் மாப்பிள்ளை வீட்டுக்காரகளுக்கு முன்னாடியே வந்து சேர்ந்துச்சு. மிளகு சைசுல, கறுப்பா, பளபளன்னு.

"ஏலே, அதை அணைச்சுத் தொலை"ன்னு அம்மா சொல்லும்போதே கார் வந்து நின்னுருச்சு.

மாப்பிள்ளையோட அம்மா வந்து உக்காந்தாக. பட்டுச்சேலை மடியில பூச்சி ஒண்ணு விழுந்துச்சு. எங்க அம்மாவைப் பார்த்து மெதுவாக் கேட்டாக. "மதினி, வீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கோ?"

அம்மா முகம் செத்துப் போச்சு. குடும்ப மானத்தைக் காப்பாத்த ஒரு அறிவாளி வேணும்ல? போட்டோ பிடிச்சு போன்ல தேடினேன்.

"மூட்டைப்பூச்சி இல்ல அத்தை. இது மண்ணுக்குள்ள இருக்கிறது. ரத்தமே குடிக்காது, வேர்ச்சாறுதான். முதுகைப் பாருங்க, கேடயம் மாதிரி இருக்கா? கால்ல முள்ளு இருக்கு, மண்ணைத் தோண்ட."

நல்லாத் தெரியட்டும்னு ரெண்டு விரல்ல பிடிச்சு அவுக மூக்குக்கிட்ட நீட்டினேன். பிடிச்சா நாத்தம் விடும்னு அடுத்த வரியில போட்டிருந்துச்சு. அந்த வரிக்கு நான் இன்னும் வரலை.

அவுக முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாக. சரி, அதோட நல்ல குணத்தையும் சொல்லிருவோம்னு தொடர்ந்தேன்.

"தாய்ப்பாசத்துல இதை அடிச்சுக்க முடியாது அத்தை. இதுல சில ரகத்துல, குஞ்சு பொரிச்ச பெறகும் தாய் விட்டு நகராது. எங்கிட்டுப் போனாலும் கூடவே காவல்தான்."

அவுக அந்நேரம் ஒத்தக் கையால மாப்பிள்ளை தட்டுல காராச்சேவை நொறுக்கிப் போட்டுக்கிட்டு இருந்தாக. கை அப்படியே நின்னுருச்சு.

கதவுக்குப் பின்னால தங்கச்சி சிரிச்சுட்டா. அதைக் கேட்டு மாப்பிள்ளையும் சிரிச்சுட்டாரு. அவரோட அம்மா எந்திரிச்சு, "நேரமாச்சு, கெளம்புவோம்"னாக.

கார் போனதும் எங்க அம்மா செஞ்ச மொத வேலை, அந்த லைட்டைக் கழட்டினதுதான்.

இன்னைக்குக் காலையில தரகர் போன் பண்ணினாரு. சிரிப்பைக் கேட்டே மாப்பிள்ளைக்குப் பொண்ணைப் பிடிச்சிருச்சாம். ஒரே ஒரு கண்டிஷன், அடுத்த பேச்சுல பொண்ணோட அண்ணன் இருக்கக்கூடாதாம்.

"மாப்பிள்ளையோட அம்மாதான சொன்னாக?"ன்னு கேட்டேன்.

"இல்ல தம்பி. உங்க தங்கச்சி."