தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும்

வெர்லின் டக்கெட் ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, எதிரே இருந்த வீட்டின் நாய்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பது வயதில் குப்புறப் படுத்தால் தரையில் படுவது வயிறு மட்டும்தான். மிச்ச மனிதன் அதன்மேல் ஆடிக்கொண்டிருப்பான். நாய் இரண்டு என்று குறிப்பேட்டில் எழுதினார். எழுதிய பிறகுதான் ஒன்று தன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தானும் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். எழுதியதை அடிக்கவில்லை. தகவல் சரிதான். ரகசியம்தான் போய்விட்டது.

பயிற்சியின் இரண்டாம் நாள் அது. விவசாயிகள் சங்கக் கூடத்தில் பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். என்றாவது ஒருநாள் கரண்ட் போகும், கைபேசி போகும், கடைகள் மூடும், அன்றைக்கும் உயிரோடு இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள். ராணுவத்தில் தகவல் பிரிவில் இருந்த ஹாலிஸ் என்பவர் வகுப்பு எடுத்தார். பேசவும் கேட்கவும் உதவும் கைவானொலியில் சுருக்கமாகப் பேசுவது முதல் நாள். துப்பு சேகரிப்பது இரண்டாம் நாள். எதைப் பார்த்தாலும் ஆறு தலைப்பில் சொல்ல வேண்டும்: எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், எங்கே, யார், எப்போது, கையில் என்ன. இதைவிடப் பெரிய விதி ஒன்றும் இருந்தது. தெரிய வேண்டியவனுக்கு மட்டும்தான் தெரியலாம்.

காலையில் ஆளுக்கொரு ஒட்டிய உறை கிடைத்தது. உள்ளே ஒரு விலாசம். அந்த வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று, வீட்டார் கண்ணில் படாமல், இவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நாலு மணிக்கு வானொலியில் எல்லோரும் கேட்க அறிக்கை தர வேண்டும்.

வெர்லினுக்கு அந்த வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற கவலை இல்லை. தன் வீட்டார் கண்டுபிடித்துவிடக் கூடாது.

போன இலையுதிர் காலத்தில் ஆபத்துக்கு ஒளிய நிலத்தடி அறை ஒன்று தோண்டப் போய், கழிவுநீர்க் குழாயை வெட்டிவிட்டார். ஆறு வாரம் அவர் மனைவி லவோன் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்குப் போய்த் துவைத்தாள். குளிக்கவும் அங்கேதான். ஏழாவது வாரம் குழாய் சரியானதும் அவரை உட்காரவைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இன்னொரு தடவ உலகம் அழியப்போகுதுன்னு எதையாவது ஆரம்பிச்ச, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அங்க உலகம் நல்லாத்தான் இருக்கு."

லவோன் இருபத்திரண்டு வருஷமாக அந்த மலைப்பாதையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நிற்கிறேன் என்று சொன்ன இடத்தில் நிற்காமல் போனதில்லை. போய்விடுவேன் என்றால் போய்விடுவாள். வெர்லின் பைபிளின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அதனால்தான் நேற்றும் இன்றும் அவர் மூஸ் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். நேற்று ஒன்றும் கடிக்கவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

சத்தியத்துக்கு முந்திய பாவம் ஒன்றும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன், லவோன் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில், ஓடைக்கரையில் ஐந்து பீப்பாய்களைப் புதைத்தார். பீன்ஸ், அரிசி, மாவு, உப்பு. யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகி ஓடை பொங்கும்போது, பீப்பாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் அவர் காதுக்குள் கேட்கும். இப்போது தோண்டிப் பார்க்கவும் வழியில்லை. மண்வெட்டியைத் தொட்டாலே லவோன் குழாயை நினைத்துக்கொள்வாள்.

நாலு மணிக்கு வானொலி கரகரத்தது. முதல் ஆள் விலாசம் மாறி வேறொரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டாம் ஆளைப் பற்றி வீட்டுக்காரி போலீஸ் ஷெரிப்புக்குப் போன் செய்துவிட்டாள். வெர்லின் தன் முறை வந்ததும் நாய் இரண்டு என்றார். வேறு என்ன என்று ஹாலிஸ் கேட்டார். இரண்டும் நல்ல நாய் என்றார் வெர்லின்.

அடுத்தது ஆரின் ஸ்டப். தேனீ வளர்க்கிற பெரிய தாடிக்காரர். வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது.

"ஹாலிஸ், இங்க ஒரு சின்னச் சிக்கல். வீட்டுக்காரம்மா தானே சொல்றேங்கறாங்க. ஓவர்."

வானொலி லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பேசலாம், அதுதான் சட்டம் என்றார் ஹாலிஸ். குரலில் சந்தோஷம் தெரிந்தது. பிறகு, இருபத்திரண்டு வருஷமாக பஸ் வானொலியில் பேசிப் பழகிய, அவசரமே இல்லாத ஒரு குரல் வந்தது.

"எண்ணிக்கை, ஒண்ணு. ஆம்பள. அம்பத்தொன்பது வயசு. ஓவர்."

வெர்லின் புல்லில் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தார். நாய் அவரைப் பார்த்தது.

"வேலை, மீன் பிடிக்கறது. இடம், மூஸ் ஏரி. வெள்ளிக்கிழமை அந்த வழியாத்தான் பஸ் ஓட்டினேன். ஏரி பாதி பனி, பாதி தண்ணி. நிக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது. கையில தூண்டில் கிடையாது. அது துணி துவைக்கிற மிஷினுக்குப் பின்னால நிக்குது. யாருன்னு நான் சொல்லல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. நேரம், ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கு. ஆறுன்னா ஆறு. ஓவர்."

இரண்டு நாளில் ஒழுங்காக வந்த முதல் அறிக்கை இதுதான் என்றார் ஹாலிஸ். பிறகு பாடத்தை விளக்கினார். உறைக்குள் இருந்தவை எல்லாம் வகுப்பில் உள்ளவர்களின் விலாசங்களே, ஒருவருக்கு இன்னொருவருடையது. அவர் துப்பு எதுவும் துலக்கவில்லை. வானொலி லைசென்ஸ் வாங்கியவர்களின் பெயரும் விலாசமும் அரசாங்கப் பட்டியலில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

"ஊருக்குத் தெரியாம பேசணும்னு லைசென்ஸ் வாங்கினீங்க. வாங்கின அன்னிக்கே வீட்டு வழிய ஊருக்குச் சொல்லிட்டீங்க."

வெர்லின் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். நாய் வால் ஆட்டியபடி டிரக் வரை வந்து வழியனுப்பியது.

வழியில் கடையில் நிறுத்தி நாலு மீன் வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். இனி எந்த மீனாலும் பயனில்லை. தங்கை வீடு ஐந்நூறு மைல். லவோன் இன்றே கிளம்பினால் நாளை போய்ச் சேர்வாள். வீட்டு வாசலுக்குத் திரும்பும்போது லவோனின் கார் சாலையைப் பார்த்து நின்றது. கிளம்பத் தயாராகிவிட்டாள் என்று நினைத்தார். பஸ் ஓட்டுகிறவள், எப்போதும் அப்படித்தான் நிறுத்துவாள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆறு ஆக இரண்டு நிமிஷம் இருந்தது. மேசையில் இரண்டு தட்டு. வெல்லப்பாகு ஊற்றிப் பன்றிக்கறியோடு சுட்ட பீன்ஸ், சோள ரொட்டி. லவோன் உட்காரச் சொன்னாள். ஆரின் ஸ்டப்பைப் பற்றி அவளேதான் ஆரம்பித்தாள். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வந்ததாகச் சொன்னாராம். கையில் பாட்டில் இல்லை, காதில் வயர் இருந்தது. பாவம், குளிர் என்று உள்ளே கூப்பிட்டுப் பழக் கேக் வெட்டி வைத்திருக்கிறாள்.

"மொதத் துண்டுல பயிற்சியப் பத்தி சொன்னாரு. ரெண்டாவது துண்டுல கூட யார் யார் வந்திருக்காங்கன்னு சொன்னாரு. மூணாவது நான் கேக்காமலே வாங்கிக்கிட்டாரு."

வெர்லின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். வகுப்பில் சொல்லித்தரப்படாத ஒரு காரியத்தைச் செய்தார். உண்மையைச் சொன்னார். சத்தியத்தை மீறியது தப்பு என்றார். சரி, மொத்தமும் இன்றைக்கே போகட்டும் என்று தோன்றியது.

"இன்னொண்ணும் இருக்கு, லவோன்."

"அஞ்சு பீப்பாயா?"

அவர் வாய் திறந்தபடி இருந்தது. அவள் அதற்கு நேரே ரொட்டிக் கூடையை நகர்த்தினாள்.

"உனக்கெப்படி..."

"கல்யாணம் ஆன நாள்லேந்து நீ மண்வெட்டியக் கழுவினதே இல்ல. அன்னிக்கு நான் வேலைலேந்து வர்றேன், பளபளன்னு கழுவி மாட்டி வச்சிருக்க. யாரையாவது கொன்னு பொதச்சிட்டியோன்னு பயந்துபோய்ப் பாத்தேன். பீன்ஸ்."

அடுத்த வசந்தத்திலேயே ஓடை பொங்கி இரண்டு பீப்பாய் மேலே வந்துவிட்டதாம். வெர்லின் அன்று டயர் மாற்ற ஊருக்குப் போயிருந்தார். நனைந்ததைக் கொட்டிவிட்டு, நல்லதைச் சாக்குச் சாக்காகச் சுமந்து வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறாள். வருஷா வருஷம் பழையதை எடுத்துச் சமைத்துவிட்டுப் புதியதைப் போட்டுவைக்கிறாள். சர்ச் விருந்தில் போன மாதம் அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதும் அதுதான்.

வெர்லினுக்குக் கேட்கவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, தங்கச்சி வீட்டுக்கு?"

"அவ வீட்டுல ரெண்டு நாளைக்கு மேல மாவு இருக்காது. அங்க போய் என்ன பண்ண? பனி விழுந்து ரோடு அடைச்சா எப்படி இருக்கும்னு உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும். சேத்து வைக்கறதுல எனக்கென்ன வருத்தம்? நீ தோண்டறதுதான்."

மூன்று வருஷமாக நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஐந்து பீப்பாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி உருண்டு போயின. வெர்லின் கரண்டியை எடுத்தார். பீன்ஸ் நன்றாக இருந்தது. இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். உற்சாகம் வந்தவுடன் புத்தி பழைய இடத்துக்குப் போனது.

"இப்ப எங்க வச்சிருக்க?"

லவோன் அவர் தட்டில் கடைசி ரொட்டித் துண்டை வைத்தாள்.

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்."

சாப்பிட்டு முடித்ததும் வெர்லின் பின்கதவைத் திறந்து வெளியே போனார். வெளிச்சம் இன்னும் இருந்தது. படிக்கருகில் மண்வெட்டி சாய்ந்து நின்றது. இன்றைய பீன்ஸுக்காகத் தோண்டிய மண் அதில் ஈரமாக அப்பியிருந்தது. ஒரு பொருளில் ஒட்டிய மண்ணின் நிறமே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடும் என்பது காலையில் ஹாலிஸ் நடத்திய பாடம். ஓடைப்பக்கம் கறுப்பு, களஞ்சியத்தின் பின்னால் மஞ்சள், மேட்டில் பைன் மரங்களுக்குக் கீழே சிவப்பு.

அவர் குழாயைத் திறந்தார். முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, விரல்களுக்கு வழவழப்பாகும்வரை மண்வெட்டியைக் கழுவி, இருந்த இடத்திலேயே சாய்த்துவைத்தார்.