காப்பு அவிழ்க்காத மனிதர்

எங்கள் ஊர் காஜா பேராங்கில் அந்தக் காலத்தில் காப்புக்காரர் என்று எல்லாரும் கூப்பிட்டவரை மிஞ்சிய பயந்தாங்கொள்ளி ஒருவரும் இருந்ததில்லை. பாம்பைக் கையால் பிடித்துச் சாக்கில் போடுவார். புளித்த தோசை மாவைக் கண்டால் ஓடுவார். அந்த வாடை கள்ளை நினைவுபடுத்துமாம். நான் மாவுச் சட்டியைத் திறந்தால் சடக்கைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஊருக்குள் தார் ஊற்றிச் சடக்கு போடும் வேலை. கள்ளுக்கடைக்கும் ஒன்றாகத்தான் போவார்கள். என் வீட்டுக்காரர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று வரும் செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். ஒற்றைச் செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைக் கொல்லைப்புறமாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நான் போக மாட்டேன். என் வீட்டை விட்டு நான் ஏன் போக வேண்டும்? விறகுக்கட்டையை மட்டும் ஒளித்து வைப்பேன்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் மட்டும் எங்கள் ஆண்கள் குடிக்க மாட்டார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை சாமிக்குப் பயம். கடைசி நாள் பூசாரி அவிழ்த்துவிட்டதும் நெற்றித் திருநீறு அழியுமுன்னே கள்ளுக்கடையில் இருப்பார்கள்.

ஒரு வருஷம் அவிழ்க்கும் நேரத்தில் காப்புக்காரரை மட்டும் காணவில்லை. தேடினால், கோயில் சாமான் அறையில் பெரிய அண்டாவுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

"திருவிழா முடிஞ்சிருச்சுய்யா, கையக் காட்டு" என்றார் பூசாரி.

"ஆத்தாவுக்கு முடிஞ்சிருச்சு சாமி. எனக்கு எங்க முடிஞ்சுது?"

அதோடு அவிழ்க்கவே இல்லை. கயிறு நைந்தால் அதன்மேல் புதுக்கயிறு. மணிக்கட்டு பணியாரம்போல உப்பிக்கொண்டு நிற்கும். காப்போடு ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று பக்கத்து ஊர் கிளேபாங்கில் நடந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு இங்கே வந்து ஆசீர்வாதம் வாங்கிப் போனார்கள்.

தனியாகப் பயப்பட முடியவில்லை போலும். அடுத்த திருவிழாவில் என் வீட்டுக்காரரையும் பிடித்துக்கொண்டார். இவர் அவருக்குக் கட்ட, அவர் இவருக்குக் கட்ட, கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம். கள்ளுக்கடை திறக்கும் நேரத்துக்கு இருவரும் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து கோப்பி குடிப்பார்கள். ஒருவர் கக்கூசுக்குப் போனால் மற்றவர் கதவுக்கு வெளியே காவல். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறுதானே, எத்தனை நாள் தாங்கும்?

மெர்டேக்கா வந்தது. ஊரே ஆடியது. நாட்டுக்கே விடுதலை, எனக்கு இல்லையா என்று என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். காப்புக்காரர் வீட்டுக்குத்தான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அவுத்து விடுண்ணே. இன்னிக்கு ஒரு நாளுதான்."

காப்புக்காரரின் முகம் வெளுத்துப்போனது. மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். அவர் தன் கையை நீட்டினார்.

"மொதல்ல என்னோடத அவுத்துவிடு தம்பி. நீ போனா நான் தனியா உட்கார மாட்டேன், பின்னாலயே வந்துருவேன். ஆனா போனா நான் திரும்ப மாட்டேன். அது ஒனக்கே தெரியும்."

என் வீட்டுக்காரர் முடிச்சில் கை வைத்தார். மஞ்சளும் வியர்வையும் ஊறி அது கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு கயிறு தளர்ந்தது. இன்னொன்றும் தளர்ந்தது. பிறகு அவர் நிறுத்தினார். முடிச்சை விட்டுவிட்டு அந்தக் கையையே பிடித்துக்கொண்டு அழுதார்.

"வீட்டுக்குப் போயி கோப்பி போடு தாயி" என்றார் காப்புக்காரர், என் பக்கம் திரும்பாமல். "சீனி கூடப் போடு."

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனார். குடியில் போகவில்லை. காப்புக்காரர் அவர் கைக்கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டியபடியே அனுப்பிவைத்தார். காரியம் முடிந்த மறுநாள், அதே கோப்பி நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார். கையில் புதுக்கயிறு.

"எனக்குக் கட்டிவிட ஆளில்ல தாயி."

தாலி இழந்தவள் கையால் காப்பா என்று பக்கத்து வீட்டுக்காரி இழுத்தாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவர் கையைப் பிடித்து, வலிக்கும்படி இறுக்கிக் கட்டினேன்.

அன்றிலிருந்து அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் மாவைப் புளிக்க விட்டதே இல்லை. சப்பென்ற தோசைதான்.