தக்காளிச் சிவப்பும் தங்கள் தங்கையும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், அதோடு சேர்ந்து தங்கள் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்பி இதை எழுதுகிறேன். நான்கு நாளாகப் போன் செய்கிறேன், தாங்கள் எடுப்பதில்லை. ஆகையால் கடிதம். தாங்கள் பதினைந்து வருடம் ஓட்டி, முழங்கால் ஒத்துழைக்காததால் எனக்கு அன்போடு கொடுத்த பழைய காரைப் பற்றியும், அதனால் கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட தங்கள் தங்கையைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அவளை அனுப்பி வையுங்கள். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்று. சத்தியமாக நான் சிவப்புக் கேட்கவில்லை. தாங்கள் அடித்த சாம்பல் நிறம் கதவோரம் உரிந்துபோனதால் பெயிண்டரிடம் போனேன். அவர் ஷெட்டில் ஒரே ஒரு அழுக்கு மஞ்சள் பல்பு. அதன் கீழே தகரத் துண்டுகளில் கலர் பூசி வரிசையாக வைத்தார். "சார், வண்டியோட குணம் இஞ்சின்ல இல்ல, கலர்லதான் இருக்கு. உங்களுக்கு எப்படிப்பட்ட வண்டி வேணும்?" என்றார். "அடக்கமா, கௌரவமா" என்று சொல்லி, பாக்கு நிறமாகத் தெரிந்த ஒரு துண்டைத் தொட்டேன். "வெயில்ல கொண்டுபோய்ப் பாத்துடுங்க" என்று அவர் சொன்னார்தான். முப்பத்தைந்து வருடம் டியூப் லைட்டின் கீழே பத்திரம் பதிந்தவனுக்கு வெயில் எதற்கு என்று இருந்துவிட்டேன். பத்து நாள் கழித்து வண்டி வெளிச்சத்துக்கு வந்தது. பாக்காவது ஒன்றாவது! தக்காளி! சக்கரம் வைத்த பழுத்த தக்காளி!

வண்டி சாம்பலாக இருந்தபோது எப்படி என்று தங்களுக்கே தெரியும். தங்களைப் போலவே இருந்தது. (தப்பாக நினைக்கக் கூடாது.) லாரிக்கு வழி விடும், சைக்கிளுக்கு வழி விடும், ஹார்ன் அடித்தால் தொண்டையைச் செருமும். தெருவில் நிறுத்தினால் அதன்மேல் துணி காயப்போடுவார்கள். தாங்களே ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுத்துவைத்த தங்கள் தங்கை, "அத ஓட்டினா கொட்டாவிதான் வரும்" என்று ஒருநாளும் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அதே இஞ்சின், அதே ஹார்ன், கலர் மட்டும்தான் மாறியது, ஆளே மாறிவிட்டது மச்சான்! முதல் சிக்னலிலேயே பக்கத்தில் நின்ற பால் வேன்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, பாத்துடலாமா?" என்கிறார். நான் ஒண்ணுமே பண்ணலை, என் கால்தான் பண்ணிச்சு. அடுத்த முக்கில் டிராபிக் போலீஸ் கையைக் காட்டிவிட்டார். "முப்பத்தெட்டுலதான் வந்தீங்க சார். ஆனா இந்தக் கலர்ல அறுபதுல வர்ற மாதிரி இருக்கு, கொஞ்சம் மெதுவா போங்க" என்று சொல்லி, பானெட்டில் சாய்ந்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். பின்சீட்டில் தங்கள் தங்கை கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அதோடு விட்டதா? என் பழைய மேலதிகாரி தவறிவிட்டார் என்று துக்கம் விசாரிக்கப் போனோம். வாசலில் எல்லோரும் தலை குனிந்து நிற்கிறார்கள், நம்ம வண்டி திரும்புது, ஹார்ன் மாட்டிக்கிச்சு! நிக்கவே இல்ல! துக்க வீட்டுக் குழந்தைகள் அத்தனையும் ஓடிவந்து ஏறிக்கொண்டன. மேலதிகாரியின் மனைவி கண்ணைத் துடைத்தபடி நேரே என்னிடம் வந்தார். தொலைந்தேன் என்று நின்றேன். "அவரு ஆயுசு பூரா கறுப்பு வண்டிதாங்க வாங்கினாரு. நானும் ஒரு ரவுண்டு வரட்டுமா?"ன்னாங்க. வந்தாங்க மச்சான், முன்சீட்டுல!

வீட்டுக்கு வந்ததும் தங்கள் தங்கை ஆடித் தீர்த்துவிட்டாள். "அவங்க ரவுண்டு போவாங்க, நான் வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கணும்! என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணிச்சா உங்களுக்கு?" கலரைத்தான் சொல்கிறாள், கேட்காமல் அடித்தது என் தப்புதான். பெட்டியோடு வண்டியின் மாற்றுச் சாவியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் இனி ஓட்டக் கூடாது என்று கோபம் போலும்.

மச்சான், மறைக்காமல் சொல்கிறேன், அந்தச் சிவப்பில் உட்கார்ந்தால் எனக்குத் தானாகச் சீட்டி வந்தது. ஆனால் அவள் இல்லாத வீட்டில் சீட்டியடித்து என்ன செய்ய? நேற்று அழுதேவிட்டேன். இன்று காலை வண்டியைப் பெயிண்டரிடம் விட்டு, பழையபடி சாம்பலே அடிக்கச் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லுங்கள். தங்கள் முழங்காலுக்கும் அக்காவுக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
சாம்பலுக்கே திரும்பிவிட்ட
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். பெயிண்டர் இப்போதுதான் போன் செய்தார். "சார், சாம்பல் டப்பாவத் தெறக்குறேன், உங்க வாசல்ல வண்டியக் காணோம்னு ஒரு அம்மா தேடி வந்து 'மூடுய்யா அத'ன்னாங்க. சாவியப் போட்டாங்க, பறந்துட்டாங்க!" தங்களிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். தெருமுனையில் ஹார்ன் கேட்கிறது, நிற்கவே இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடியோடு தங்கள் தங்கை. "ஏங்க, இன்னிக்கு நீங்க பின்சீட்டு! சிரிப்பு வந்தா கைப்பை தரேன், மூஞ்ச மூடிக்கங்க!" என்கிறாள். இந்தக் கடிதத்தை அவளே ஓட்டிவந்து தருவாளாம். கேட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் மச்சான்.