கடலைக்கொடி வைத்துத் தைத்த கன்றுக்குட்டி

பயிரையும் கால்நடையையும் ஒரே வேலிக்குள் வைத்துப் பண்ணை நடத்துகிறவனுக்கு இந்த ஜென்மத்தில் நிம்மதி கிடையாது. காரணம் ரொம்பச் சின்னது. அவன் வளர்ப்பதில் பாதி, மீதிப் பாதியைத் தின்னக் காத்திருக்கிறது. நடுவில் குச்சியோடு நிற்கிறவனுக்கு மானேஜர் என்று பெயர்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் குச்சி என் கையில் இருந்தது. ஜோகூர் பாருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் முதலாளிக்குத் தெப்ராவ் பக்கம் ஒரு பண்ணை. பதினொரு கறவை மாடு, முப்பது ஆடு, ஒரு நாளும் எண்ணி முடிக்க முடியாத கோழிகள். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சோளம், நிலக்கடலை. காலையில் ஆடுகளைச் சர்க்கரைவள்ளியிலிருந்து விரட்டுவேன். திரும்பினால் கோழிகள், முந்தின நாள் ஊன்றிய கடலையை வரிசை தவறாமல் கிளறிக்கொண்டிருக்கும் (ஆள் வைத்து ஊன்றியபோது அவ்வளவு நேர்வரிசை வந்ததே இல்லை). கோழியை விரட்டி முடித்தால் மழை வரும். மழை விட்டதும் போய்ப் பார்த்தால் ஆடு மறுபடியும் சர்க்கரைவள்ளியில் நிற்கும், அதே இடத்தில், அதே முகத்தோடு.

இந்த லட்சணத்தில் முதலாளியிடம் நான் ஒரு பெரிய திட்டம் பேசியிருந்தேன். சாணம் பயிருக்கு, கொடி மாட்டுக்கு, வெளியிலிருந்து ஒரு துரும்புகூட வாங்க வேண்டாம் என்று. அவரும் நம்பிவிட்டு ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்டார். வயது எனக்கு இருபத்து நாலு. மீசையில் எண்ணெய், தலையில் தொப்பி. தொப்பிக்குக் கீழே என்ன இருந்தது என்று இனிமேல் சொல்லப் போகிறேன்.

பாலோ என்கிற ஊரில் வேலாயுதம் என்று ஒருவர். மாட்டுவண்டிகள் வைத்து எஸ்டேட்டுகளுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பாக்கியம் என்று ஒரு மகள். பாலோ கோயில் திருவிழாவில் நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சித்தப்பா போய்ப் பெண் கேட்டார். வேலாயுதம், மாட்டைத் தெரிந்தவனுக்குத்தான் பெண் கொடுப்பது என்று இருந்தார். ஏற்கனவே கணக்கெழுதும் எஸ்டேட் கிராணி ஒருவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். காளையின் வயதைச் சொல்லச் சொன்னதற்கு அந்த மனிதர் பல்லைப் பார்க்காமல் அதன் வாலைப் பார்த்தாராம். சித்தப்பா சும்மா இருக்காமல், எங்கள் மாப்பிள்ளை வைத்திருக்கும் சிவப்பி என்கிற பசு வேளைக்கு நாலு போத்தல் கறக்கும் என்று சொல்லிவைத்தார். வேலாயுதமும், வந்து கறவையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுவிட்டார்.

அவர் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்பு, சிவப்பியின் கன்று கழிச்சல் கண்டு செத்துப்போனது.

கன்று இல்லாவிட்டால் சில மாடு மடியை இறுக்கிக்கொள்ளும். சிவப்பி அந்த ரகம். இரண்டு நாள் ஒரு சொட்டு விடவில்லை. எங்கள் பால்காரர் கோவிந்தன் அண்ணன் பெரிய வேலைக்காரர், சின்னப் பேச்சுக்காரர். கன்றின் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தடவிக் காயவைத்து, உள்ளே காய்ந்த லாலாங் புல்லை அடைத்துத் தைத்தார். மேலே கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்துச் சிவப்பியின் முன்னால் வைத்தார். சிவப்பி மோந்து பார்த்து, நக்க ஆரம்பித்தது. பால் இறங்கிவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் கன்று கண்றாவியாக இருந்தது. கழுத்து ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். லாலாங்கின் தாள் தையல் வழியே முள்ளம்பன்றி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மாமனார் ஆகப்போகிறவர் பார்த்தால் கன்று செத்தது தெரிந்துவிடும். கன்றைச் சாகவிட்டவனுக்குப் பெண் கொடுப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோவிந்தன் அண்ணன் ஆடு விரட்டப் போன சமயம் பார்த்து, நான் கன்றைப் பிரித்தேன். லாலாங்கை வீசி எறிந்தேன். மெத்தென்று இருக்கட்டும் என்று நன்றாகக் காய்ந்த கடலைக்கொடியை, நானே பொறுக்கி எடுத்து, இலை உதிராமல் அடைத்தேன். (கொடி மாட்டுக்கு என்று முதலாளியிடம் சொன்னவன் நான்தான். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.) கோணி ஊசியில், சாண் இடைவெளி விட்டு ஒரு தையல் போட்டேன். உப்புத் தண்ணீர் கொஞ்சம் போதும் என்று கோவிந்தன் அண்ணன் செய்ததைப் பார்த்திருந்தும், கூடுதலாக இருந்தால் கூடுதலாகப் பால் வரும் என்று ஒரு சட்டி ஊற்றினேன். காலை மடக்கிப் படுக்கவைத்தேன். அழகான கன்று. எனக்கே தடவிக்கொடுக்கத் தோன்றியது.

மத்தியானக் கறவைக்கு வேலாயுதம் வந்தார். ரயிலில் வந்து, மோட்டாரில் வந்து, கடைசி மைலை நடந்து வந்திருந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு மாட்டின் முதுகையும் தட்டிக்கொண்டு வந்தார். சிவப்பியிடம் வந்ததும் நின்றார்.

"கன்னு ஏன் எந்திரிக்கல?"

"இப்பதாங்க பால் குடிச்சுது. தூங்குது" என்றேன்.

கோவிந்தன் அண்ணன் பானையை முழங்காலில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தவர், என்னை ஒரு பார்வை பார்த்தார். கன்றையும் பார்த்தார். தான் தைத்த கன்று இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கறக்க ஆரம்பித்தார்.

சிவப்பி கன்றை நக்கியது. உப்பு ருசிக்கு இன்னும் அழுத்தி நக்கியது. அரம் மாதிரி நாக்கு. மூன்றாவது நக்கில் என் தையல் ஒன்று விட்டது. ஐந்தாவது நக்கில் கடலைக்கொடி ஒன்று எட்டிப் பார்த்தது. சிவப்பி நிதானமாக நிறுத்தி, மோந்து பார்த்து, அந்தக் கொடியைப் பிடித்து இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

பெற்ற பிள்ளையின் வயிற்றிலிருந்து ஒரு தாய் தீனி தின்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேலாயுதமும் பார்த்ததில்லை என்று அவர் முகம் சொன்னது. நான் சட்டென்று முன்னால் போய் நின்று, மழை வரும் போல இருக்கிறது என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சிவப்பி என்னைத் தலையால் ஒதுக்கிவிட்டு அடுத்த வாய் எடுத்தது. பால் மட்டும் சர் சர்ரென்று பானையில் விழுந்துகொண்டிருந்தது, என்றைக்கும் இல்லாத வேகத்தில்.

இதோடு முடிந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். கோவிந்தன் அண்ணன் கறக்க வந்துவிட்டதால் ஆடுகளை விரட்ட ஆள் இல்லை. கடலைக்கொடி வாசத்துக்கு அவை மொத்தமாகக் கொட்டகைக்குள் புகுந்தன. பெரிய கிடா முந்திக்கொண்டு, கன்றின் வயிற்றுக்குள் தலையை நுழைத்துவிட்டது. நுழைந்த கொம்பு திரும்பி வரவில்லை. கண் தெரியாத கிடா மிரண்டு, கன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, நாலு கால் தரையிலும் நாலு கால் ஆகாயத்திலுமாக மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்து ஓடியது.

வேலாயுதம் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார், "கன்னு எந்திரிச்சிருச்சு."

கிடாவைப் பிடிக்க நான் ஓடினேன். அது ஒரு பாத்தி மரவள்ளியைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. தொப்பியும் போய், சேறும் அப்பி நான் திரும்பி வந்தபோது, அவர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார். சொல்லி அனுப்புவதாகச் சொன்னாராம். கோவிந்தன் அண்ணன் பால் பானையைக் கீழே வைத்தார். அஞ்சு போத்தல் இருந்தது.

"லாலாங்க மாடு திங்காது. அதுக்குத்தான் அத வெச்சேன்" என்றார். அந்த வருஷம் முழுக்க அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் அவர் லாலாங் வைத்து மறுபடி தைத்துக் கொடுத்தும், சிவப்பி ஏமாறவில்லை. கடலைக்கொடி கிடைக்காமல் மடியை விடவில்லை. வேறு வழியில்லாமல், வேளாவேளைக்கு நான் கடலைக்கொடிக் கட்டோடு அதன் முகத்துக்கு நேரே உட்கார வேண்டியதாயிற்று. கொடியையும் தின்னும், என் காதையும் நக்கும். சிவப்பிக்குப் பால் வற்றும்வரை கன்றுக்குட்டி வேலை பார்த்தது நான்தான்.

பன்னிரண்டாம் நாள் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. பிரிக்கவே பயம். பெண் கொடுக்கச் சம்மதமாம். இரண்டு தடவை படித்தேன், ஆள் மாறி வந்துவிட்டதோ என்று.

காரணத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் பாக்கியம்தான் சொன்னாள். அவளுடைய அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சிரித்துச் சிரித்துச் சாப்பிட முடியாமல் கையைக் கழுவிவிட்டாராம். அப்புறம் அவள் அம்மாவிடம் சொன்னாராம்: "பையனுக்குப் பொய் சொல்லத் தெரியல, தைக்கவும் தெரியல. ஆனா செத்த கன்னு வயித்துக்கே நல்ல தீனியாப் பொறுக்கிப் போட்டிருக்கான். நம்ம புள்ள வயிறு காயாது."

அந்த வாக்கை இன்றைக்கு வரை காப்பாற்றி வருகிறேன். ஆனாலும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் நான் கண்ணசரும்போது யாராவது தேடி வந்தால், வாசலில் பாக்கியத்தின் குரல் கேட்கும்.

"செத்த உக்காருங்க. கன்னு தூங்குது."

எனக்கு விழிப்பு வந்துவிடும். இருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். எழுந்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.