முதலாளி மகனை நான் ஏலம் கேட்ட கதை

ஆளைக் கடத்தி வைத்திருப்பவனுக்கே போனில் யோசனை சொல்லிக் கொடுத்த புத்திசாலி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருத்திதான் இருக்க முடியும். அது நான்தான். இதை எழுதும்போதே காது சூடாகிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுவது உத்தமம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஓசூரில், லாரிகளுக்கு இரும்புச் சாமான் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட். முதலாளியின் ஒரே மகன் பிரணவ், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். ‘கீழ இருந்து கத்துக்கட்டும்’ என்று அவனை என் பக்கத்து மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். போல்ட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியாமல் நாலு மாதம் என்னிடம் திட்டு வாங்கினான். கோபித்துக்கொள்ளவே மாட்டான். மத்தியானம் ஆனால் தன் வீட்டுக் கேரியரை என் பக்கம் தள்ளிவிட்டு, என் டப்பாவில் இருக்கும் கேழ்வரகுக் களியை எடுத்துக்கொள்வான். “அக்கா, இன்னிக்குக் குழம்பு என்ன?” என்றுதான் காலையில் வணக்கமே சொல்வான். எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. இருந்திருந்தாலும் இவ்வளவு சாதுவாக இருந்திருக்க மாட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தளி ரோட்டில் சைக்கிள் ஓட்டப் போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் புளியமரத்தடியில் கிடந்தது. (வீட்டில் மூன்று கார் நிற்கிறது, இவனுக்கு சைக்கிள்.)

பத்து மணிக்கு ஒரு கையெழுத்து வாங்க முதலாளி அறைக்குள் போனேன். மனுஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். ஆயிரம் பேருக்குச் சம்பளம் போடுகிறவர், போனை என் கையில் திணித்துவிட்டு நாற்காலியில் விழுந்தார்.

“யார் மாத்தாடறது?” என்றது ஒரு குரல். கன்னடம் பாதி, தமிழ் பாதி.

“ஸ்டோர்ஸ் மஞ்சுளாங்க,” என்றேன். (கடத்தல்காரனிடமும் டிபார்ட்மென்ட் சொன்னவள் நான்.)

“கேளும்மா. போலீஸ் கீலீஸ் பேடா, சொல்லக்கூடாது. நாளைக்கு ஒம்பதரை மணி, ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட். பணத்தைப் பையில போட்டு கேட் கிட்ட வெக்கணும். ஆம்பளை யாரும் வரக்கூடாது, பொம்பளைய அனுப்புங்க. வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போவணும். அங்க ஏதாச்சும் கலாட்டா ஆச்சு, பையன் உயிரோட இருக்க மாட்டான்.”

இங்கேதான் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. நான் கெலமங்கலத்துக்காரி. அப்பா தக்காளி போடுகிறவர். ராயக்கோட்டை மண்டியில் தவழ்ந்து வளர்ந்தவள் என்கிற திமிர் எனக்கு.

“பை வேண்டாங்க,” என்றேன். “மார்க்கெட்ல பெரிய பையோட நின்னா நாலு பேர் பாப்பாங்க. நீலக் கிரேட் பெட்டில பணத்தை வெச்சு, மேல தக்காளி போட்டு, மஞ்சத் துண்டு போத்தி வெக்கறேன். அங்க ஆயிரம் கிரேட் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.”

“ஒள்ளே ஐடியா,” என்று பாராட்டிவிட்டு வைத்தான். பெருமையாகக்கூட இருந்தது எனக்கு. அடிப்பாவி!

முதலாளி போலீசுக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, நோட்டுக் கட்டுகளின் மேல் நானே தக்காளி அடுக்கினேன். பிரணவின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எம்புள்ளைய ஒங்கையில குடுக்கறேன் தாயி,” என்றார். அதுவரை இருந்த திமிர் அந்த நிமிஷத்தில் இறங்கிவிட்டது. ஸ்கூட்டரில் காலடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ராயக்கோட்டை போய்ச் சேரும்வரை தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

ஒன்பதே காலுக்கு கேட் பக்கம் பெட்டியை இறக்கி வைத்தேன். சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். இருபதடி போயிருப்பேன்.

“நாகப்பன் மாமா பொண்ணுதான நீ? பெட்டிய இங்க வெச்சுட்டு எங்க போற?”

திரும்பிவிட்டேன். மண்டியில் மூட்டை தூக்கும் முனிராஜ். என் அப்பா பெட்டிகளைப் பத்து வருஷமாக இறக்குகிறவன். நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியைத் தோளில் ஏற்றினான். “ஏலம் ஆரம்பிச்சுட்டாங்கம்மா, லேட்டா வந்தா வெலை கெடைக்காது,” என்றபடி உள்ளே ஓடினான். நல்ல மனசு. அந்த நல்ல மனசை நான் அன்றைக்கு எப்படியெல்லாம் சபித்தேன் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

பின்னாலேயே ஓடினேன். மண்டிக்காரர் கோவிந்தண்ணன் வரிசையாக ஏலம் விட்டுக்கொண்டு வந்தார். சுற்றிலும் பெங்களூர் வியாபாரிகள். என் பெட்டி மஞ்சள் துண்டோடு வரிசைக் கடைசியில் ஒண்டியாக உட்கார்ந்திருந்தது.

“அண்ணே, அது விக்கறதுக்கு இல்லண்ணே.”

“விக்கறதுக்கு இல்லாத தக்காளி மண்டிக்கு எதுக்கும்மா வந்துச்சு, வேடிக்கை பாக்கவா?” கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்குள் ஒரு வியாபாரி, “இருநூத்தம்பது,” என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு பெட்டியை எடுத்தால் சண்டைக்கு வருவார்கள். சண்டை வந்தால் கலாட்டா. கலாட்டா வந்தால் பிரணவ்...

சத்தமில்லாமல் நாமே ஏலத்தில் எடுத்து, திரும்பக் கொண்டுபோய் கேட்டில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். “முன்னூறு,” என்றேன்.

கோவிந்தண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உங்க அப்பன் பெட்டிய நீயே கேக்கறியா?” என்றபடி முழங்கை வரை சட்டையை ஏற்றிக்கொண்டு குனிந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராயக்கோட்டையில் யாரும் பெட்டியின் மேலே பார்ப்பதே இல்லை. மேலே நல்ல காய், அடியில் சொத்தை என்பது விவசாயிகள் மேல் அவர்களுக்குள்ள பழைய சந்தேகம். ஒவ்வொரு பெட்டியிலும் அடிவரை கையை விட்டுத் துழாவுவார்கள், சந்தேகம் வந்தால் கவிழ்த்தே கொட்டுவார்கள். உலகத்தில் வேறெங்கே வேண்டுமானாலும் தக்காளிக்கு அடியில் பணத்தை ஒளிக்கலாம். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த நான், தேடித்தேடி இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

“அடியில கை வெக்காதீங்க!” என்று கத்தினேன். மண்டியே திரும்பிப் பார்த்தது.

“ஓஹோ, அடியில என்னமோ கீது,” என்றார் ஒரு வியாபாரி. “கொட்டுப்பா, பாக்கலாம்.”

“ஐநூறு!” என்றேன். அன்றைக்கு நல்ல பெட்டியே முன்னூற்றைம்பதுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கோவிந்தண்ணன் துழாவப் போன கையை எடுத்துவிட்டார். ஐநூறு கேட்கும் பெட்டியைக் கவிழ்த்து அவர் ஏன் கெடுத்துக்கொள்ளப் போகிறார்?

“அறுநூறு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிவப்புத் தொப்பி போட்ட ஒல்லி ஆள், மூச்சு வாங்க நின்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு வேறு பெட்டியே கிடைக்கவில்லையா? எழுநூறு என்றேன், எண்ணூறு என்றான். ஆயிரம் என்றேன், ஆயிரத்து இருநூறு என்றான். எல்லா ஏலமும் நின்றுபோய், டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் கிளாஸோடு வந்து வளைத்துக்கொண்டார்கள். கடத்தல்காரன் எங்கேயோ நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான், இப்போது போனை எடுப்பான், அங்கே அந்தப் பிள்ளையை என்ன செய்வார்களோ என்றே நினைப்பு ஓடியது. இரண்டாயிரத்து எழுநூறு என்றேன்.

“ரெண்டாயிரத்து எழுநூத்தி அம்பது,” என்றான் தொப்பிக்காரன்.

இனி சொல்லப்போவதைத்தான் இத்தனை வருஷமாக வெட்கப்பட்டு மென்று விழுங்குகிறேன். என் கைப்பையில் பணம் இருந்தது. வாய் மட்டும் வரவில்லை. ஒரு பெட்டித் தக்காளிக்கு இரண்டாயிரத்து எண்ணூறா? அநியாயம்! அப்பா கேட்டால் செருப்பால் அடிப்பார்! ஓர் உயிர் ஊசலாடும்போது இந்த யோசனைதான் எனக்கு வந்தது.

“ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!” தட்டிவிட்டார் கோவிந்தண்ணன். அப்புறம்தான் எனக்கு சுயநினைவே வந்தது.

“பேரு சொல்லுப்பா. புது ஆளா இருந்தா இங்கயே பணம் கட்டணும்,” என்றார் அவனிடம். தொப்பிக்காரன் சட்டைப் பையைத் தடவினான். ஒரே ஒரு இருநூறு ரூபாய் நோட்டு. “போன்லயே அனுப்புப்பா, அதோ ஸ்கேன் பண்ற அட்டை தொங்குது.” அட்டையைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தான். சட்டென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஏலம் கேட்டுவிட்டுக் காசு கட்டாமல் ஓடுவது ராயக்கோட்டையில் கொலைக் குற்றத்துக்கும் மேலே. முனிராஜும் இன்னும் நாலு பேரும் அவனை கேட்டைத் தாண்டவிடவில்லை. பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவனை மண்டி அறைத் தூணில் சணல் கயிற்றால் கட்டினார்கள். அப்போது அவன் போன் அடித்தது. கோவிந்தண்ணன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“பெட்டி சிக்தா? கெடைச்சுதா?”

நேற்றுக் கேட்ட அதே குரல். இத்தனை நேரம் நான் போட்டிபோட்டது யாரோடு என்று அப்போதுதான் புரிந்தது. தொப்பிக்காரனுக்கும் என் முகம் தெரியாது, யாரோ வியாபாரம் பண்ணுகிற பொம்பளை பெட்டியைக் கொண்டுபோகப் பார்க்கிறாள் என்று நினைத்திருக்கிறான். “அண்ணே, வேண்டாம்...” என்று பாய்ந்தேன். முடியவில்லை.

“டேய், உன் ஆளைப் புடிச்சுக் கட்டி வெச்சிருக்கோம்!” என்று கர்ஜித்தார் கோவிந்தண்ணன். “பணத்தை எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போ. ஒரு மணி நேரம் டைம் தரேன். வரலைன்னா அவன் தோலை உரிச்சுருவோம்!”

போன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

“கொன்னுட்டீங்களேண்ணே! அந்தப் புள்ளையைக் கொன்னுட்டீங்களே!” என்று தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோவிந்தண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள். முதலாளிக்கு நான் போட்டு நடந்ததைச் சொன்னேன். முனிராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

“அக்கா, நான்தான். கண்டக்டர் போன்ல பேசறேன். கெலமங்கலம் பஸ்ல இருக்கேன்.”

“டேய்... டேய்...” என்று கத்திக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“ரோஜா போடற பழைய பசுமைக்குடில்ல வெச்சிருந்தாங்கக்கா. காவலுக்கு இருந்தவன் போன் பேசினான், பேய் அறைஞ்ச மாதிரி ஆயிட்டான். பெரிய கேங் எதுவோ புகுந்துடுச்சு, ஆளைப் புடிச்சு வெச்சுப் பணம் கேக்கறாங்கன்னு புலம்பிட்டு, கதவைக்கூடப் பூட்டாம பைக்கை எடுத்துட்டு ஓடிட்டான். ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறிட்டேன். டிக்கெட்டுக்குக் காசில்லக்கா, கெலமங்கலத்துல எறங்கினதும் காசு குடுக்க யாராச்சும் இருக்காங்களா?”

மண்டியில் விசில் அடித்தார்கள். நான் முனிராஜைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

(ஓடினவனை இரண்டு நாளில் பிடித்துவிட்டார்கள். என்னிடம் வாக்குமூலம் வாங்கிய இன்ஸ்பெக்டர், சிரிக்கக்கூடாது என்று மூன்று முறை எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்.)

சாயந்திரம் முதலாளி வீட்டில் பிரணவ் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லச் சொல்லிக் கேட்டான். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “இன்னும் அம்பது ரூபா ஏத்தியிருக்கலாமேக்கா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துவிட்டான். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு அவர் எதிரில் போய் நின்றேன். வாங்கிப் படித்தார். மேனேஜரைக் கூப்பிட்டார்.

“எம்புள்ள உயிருக்கே அம்பது ரூபா ஏத்தாதவ, இரும்பு விக்கறவனுக்கு ஏத்துவாளா? இந்தப் பொண்ணைப் பர்ச்சேஸ்ல போடுய்யா!”

இன்றைக்கு நான் அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர். எம்.டி. நாற்காலியில் பிரணவ் உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு சப்ளையர், நான் விலையை ஏற்றவில்லை என்று அவனிடம் போய் முறையிட்டார்.

“எனக்கே ஏத்தலைங்க,” என்று கைவிரித்திருக்கிறான் பிரணவ். முழுக் கதையையும் கேட்டுவிட்டு என் அறைக்குத் திரும்பி வந்த மனுஷன், நின்றபடியே நான் சொன்ன விலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.